கொழும்புக்கு முன்னால் இறங்கியவள்

கம்சலாவுக்கு அரச மொழிபெயர்ப்பாளர் நியமனக் கடிதம் வந்த அன்று, ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்; ஆனால் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒன்பது வயதிலிருந்து அவள் செய்துவந்த வேலைக்கு இப்போதுதான் அரசாங்கம் சம்பளம் தர முன்வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவர்கள் எண்ணம்.

அதில் பொய்யும் இல்லை. சின்ன வயதிலேயே கடைத்தெருப் பிள்ளைகளோடு விளையாடிச் சிங்களம் பழகிக்கொண்டவள் அவள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பதைத் தமிழில் சொல்ல, பொலிசில் போட்ட முறைப்பாட்டை வாசித்துக் காட்ட, கரண்டு பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க, லயத்தில் எல்லோரும் கம்சலாவைத்தான் கூட்டிப்போனார்கள். அவளுடைய அம்மா வேலாயி கொழுந்து மலையில் இருந்தபடியே நாளும் நேரமும் ஒதுக்கிக் கொடுப்பாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்றால் சரி, அதற்கு முன்னால் என்றால் டாக்டரே வந்தாலும் முடியாது என்பது அவள் போட்டிருந்த ஒரே நிபந்தனை.

படித்து முடித்த பிறகு பெரகலைச் சந்தியில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் கம்சலா வேலை பார்த்தாள். போட்டோக் கொப்பி எடுப்பதும், படிவம் நிரப்புவதுமாகப் பகல் போகும். இரவில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தாள். அடுத்த கடையில் கைபேசியும் ரேடியோவும் மிக்சியும் திருத்திக்கொண்டிருந்தவன் கிரிஷாந்தன். அவன் எழுதிப் போட்ட சிங்கள விளம்பரப் பலகையில் நான்கு எழுத்துப் பிழை இருப்பதைச் சொல்லத்தான் அவள் முதன்முதலில் அவனோடு பேசினாள். மூன்றைத் திருத்திவிட்டு, நான்காவதை அவள் மறுபடி வரவேண்டும் என்பதற்காக அப்படியே விட்டுவைத்தேன் என்று அவன் இன்றும் சொல்கிறான். கல்யாணம் முடிந்து, மகள் லக்ஷிகாவுக்கு ஐந்து வயது நடக்கும்போதுதான் நியமனக் கடிதம் வந்தது. கொழும்பு நாரஹேன்பிட்டியில் ஒரு திணைக்களம். அடுத்த மாதம் முதலாம் தேதி கடமையேற்க வேண்டும்.

கொழும்பில் இருக்க இடம்? அதைப்பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. அவ்வளவு பெரிய ஊரில் மூன்று பேருக்கு ஒரு காம்பரா கிடைக்காமலா போகும் என்று வேலாயி கேட்டாள். முதலில் கம்சலா போய் வேலையை ஏற்பது, வீடு பார்ப்பது, பிறகு கிரிஷாந்தனும் பிள்ளையும் வந்து சேர்வது என்று ஏற்பாடாயிற்று. ஒரு மாதம், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம் என்று நினைத்தார்கள்.

வெள்ளவத்தையில் கிடைத்த போடிங்கில் ஓர் அறைக்கு நான்கு பெண்கள். ஒருவருக்குக் கட்டில் ஒன்று, ஆணி இரண்டு, அலமாரியில் ஒரு தட்டு. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் செய்யக்கூடாதவை பதினேழு எழுதியிருந்தன. செய்யக்கூடியவை எதுவும் எழுதப்படவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த கலாராணி பண்டாரவளைக்காரி, ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு. குளிர் ஊரிலிருந்து வந்த இரண்டு பேருக்கும் அந்தப் புழுக்கம் தாங்கவில்லை. அறைக்கு இருந்தது ஒரே மின்விசிறி. அது தலையைத் திருப்பித் திருப்பி நால்வருக்கும் காற்றைப் பங்குவைக்கும். ஒருமுறை முகத்தில் பட்டுப்போன காற்று மறுபடி வரப் பதினொரு விநாடி ஆகிறது என்று கலாராணி கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். அந்தப் பதினொரு விநாடிக்குள் தூங்கிவிடத் தெரிந்தவள்தான் கொழும்பில் பிழைப்பாள் என்பாள்.

வீடு தேடல் அதைவிட வேடிக்கையாக இருந்தது. ரமேஸ் என்று ஒரு தரகர், நல்ல மனிதர்தான், எந்த வீட்டைக் காட்டினாலும் "காத்தோட்டமான இடம் தங்கச்சி" என்பதை முதலில் சொல்லிவிடுவார். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே ஓர் அறையைக் காட்டினார். கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. கதவைத் திறக்க வேண்டுமென்றால் கட்டில் போட முடியாது. இன்னொரு வீட்டில் சமையலறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. குனிந்துகொண்டே சமைத்து, குனிந்துகொண்டே வெளியே வரவேண்டும். மூன்றாவதாகப் பார்த்த அனெக்ஸ் மட்டும் மனிதர் நிமிர்ந்து நிற்கத் தக்கதாக இருந்தது. அதன் வாடகையைக் கொடுத்தால் அவள் சம்பளத்தில் மிஞ்சுவது பஸ்ஸுக்கும் பாணுக்கும்கூடக் காணாது. அதோடு ஒரு வருட முற்பணம். வீட்டுக்காரர் அவள் பேச்சைக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்று விசாரித்தார்.

"ஹல்துமுல்லைங்க."

"எஸ்டேட் பக்கமோ?"

"பக்கம் இல்லீங்க, எஸ்டேட்டேதான். அம்மா இன்னும் கொழுந்து எடுக்குறாங்க."

அன்று பின்னேரமே, வேறு ஆட்கள் வந்துவிட்டதாக ரமேஸுக்குத் தகவல் வந்தது. ரமேஸுக்கே வெட்கமாகப் போய்விட்டது. கம்சலா அவரைத் தேற்றி அனுப்பினாள்.

அலுவலகத்தில் வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. சுற்றறிக்கைகளும் விண்ணப்பப் படிவங்களும் அவள் மேசைக்கு வரும். இந்தப் படிவம் தமிழில் விளங்காததால் எத்தனை பேர் எத்தனை தடவை வரிசையில் நின்றிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு வரியையும் லயத்து ஆட்கள் வாசிப்பதாக நினைத்துத் திருத்துவாள். பேச்சில் மட்டும் ஒரு கவனம் வந்துவிட்டிருந்தது. ஒருநாள் தேநீர் வேளையில் அவள் "வூட்டுக்குப் போன் போட்டேன்" என்றபோது மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சிரித்தார். அதிலிருந்து அலுவலகத்தில் அளந்துதான் பேசினாள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போவாள். போய்ச் சேரவே நள்ளிரவாகிவிடும். சனிக்கிழமை துணி துவைத்து, ஞாயிறு பகலுக்கே திரும்ப பஸ் ஏற வேண்டும். இரண்டு மாதம் நான்காயிற்று. ஒருநாள் போனில் லக்ஷிகாவைக் கூப்பிடச் சொன்னபோது, பிள்ளை விளையாட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள் என்று கிரிஷாந்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான். கம்சலா அதைச் சிரித்துக்கொண்டே கேட்டாள். அன்று இரவே ராஜினாமாக் கடிதம் எழுதினாள். தமிழில் எழுதிப் பார்த்தாள், அழுகைபோல இருந்தது. சிங்களத்தில் எழுதினாள், கோபம்போல இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியதும், யாரோ வேறு ஒருத்தி விலகுவதுபோல இருந்தது. மூன்றையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கடிதங்களோடு ஊருக்குப் போன வெள்ளிக்கிழமைதான் பஸ் அவிசாவளையில் வழமையாக நிற்பதைவிட அதிக நேரம் நின்றது. ஏதோ சில்லில் கோளாறு, அரைமணி ஆகும் என்று கொண்டக்டர் சொன்னார். கம்சலா இறங்கி ஒரு தேநீர்க் கடைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து கொழும்பிலிருந்து மாலை ரயில் கோச்சி வந்து சேர்ந்திருந்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து ஆட்கள் ஆற்று வெள்ளம்போல வந்தார்கள். ஒபிஸ் உடுப்பு, தோளில் பை, கையில் கீரைக்கட்டு. வழியெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் திங்கட்கிழமை பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி கடைக்குள் வந்து தேநீர் சொல்லிவிட்டுக் கம்சலாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். முக்காடு போட்ட, முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். பெயர் ஷம்ரா. மருதானையில் ஒரு கூட்டுத்தாபனத்தில் எழுதுவினைஞர். தினமும் இங்கிருந்தா போய்வருகிறீர்கள் என்று கம்சலா நம்பாமல் கேட்டாள்.

"எனக்கு வீடும் ஈக்கிது, ஒபிஸும் ஈக்கிது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோச்சி ஈக்கிது. அவ்வளவு தான்" என்றாள் ஷம்ரா.

பன்னிரண்டு வருடமாக அப்படித்தானாம். அவிசாவளையில்தான் கோச்சி புறப்படுகிறது, ஆகவே காலையில் எப்போதும் உட்கார இடம் உண்டு. அரச ஊழியருக்குச் சீசன் டிக்கெட் மலிவு. நாரஹேன்பிட்டியிலும் கோச்சி நிற்கும். வீட்டு வாடகையோ கொழும்பில் கேட்பதில் கால்பங்குதான். கம்சலாவின் பஸ்காரர் ஹோர்ன் அடிக்கும்வரை ஷம்ரா சொல்லிக்கொண்டே இருந்தாள். எழும்பும்போது, தன் மாமாவின் சின்ன வீடொன்று இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் சொல்லி, நம்பரையும் கொடுத்தாள்.

பஸ் இரத்தினபுரி தாண்டி, பலாங்கொடை தாண்டி மேலே ஏறும்போது கம்சலாவுக்குத் தூக்கம் வரவில்லை. ஊருக்கும் அவிசாவளைக்கும் ஒரே றோட்டு. இத்தனை தடவை அந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கிறாள். ஒரு தடவைகூட அதை இருக்கிற இடமாகப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது வழியில் இறங்கி வீட்டைப் பார்த்தாள். இரண்டு அறை, நிமிர்ந்து நிற்கக்கூடிய சமையலறை, பின்னால் ஒரு பலாமரம், அதற்குப் பின்னால் ரப்பர்த் தோட்டம். மழை நாளில் அட்டை வரும் என்று உண்மையை மறைக்காமல் சொன்னார் ஷம்ராவின் மாமா ஸலீம். அட்டைக்குப் பயந்தவள் ஹல்துமுல்லையில் பிறந்திருக்க முடியாது என்றாள் கம்சலா. ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அவருக்கு மரக்கறி லொறி ஓட்டம். பண்டாரவளையிலிருந்து கோவாவும் லீக்ஸும் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோகிறவர். கிழமைக்கு மூன்று தடவை அவளுடைய தோட்டத்துச் சந்தியைத் தாண்டித்தான் போகிறாராம். மூன்று மாத முற்பணம் போதும் என்றார்.

அன்று இரவு கிரிஷாந்தனுக்குப் போன் எடுத்தாள். அவன் முதலில் கேட்டது நேரத்தைத்தான்.

"அங்கயிருந்து ஒபிஸுக்கு எவ்ளோ நேரம்?"

"ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட."

"போக வரவா?"

"இல்லீங்க. போக மட்டும்."

அவன் கணக்குப் பார்த்தான். ஒரு நாளில் நாலரை மணித்தியாலம் கோச்சியிலேயே கழியுமே, உடம்பு தாங்குமா என்று கேட்டான்.

"உடம்பு தாங்கும். இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வூட்டுக்கு வாறேன். அங்க இருந்தா தெனம் வூட்டுக்கு வருவேன்ல?"

அதற்கு மேல் அவன் விவாதிக்கவில்லை. ஆனால் தன் கடையை விட்டுவர அவனுக்கு மனம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பெரகலையில் பத்து வருடமாகச் சேர்த்த வாடிக்கை. தெரியாத ஊரில் யார் தன்னை நம்பி ரேடியோவைக் கொடுப்பார்கள் என்பது அவன் கவலை. ஆகவே முதலில் கம்சலா மட்டும் குடிபோவதென்றும், ஜனவரியில் லக்ஷிகாவை முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது மற்றதை யோசிப்பதென்றும் வைத்துக்கொண்டார்கள்.

சாமான்கள் ஸலீமின் லொறியில் வந்தன. கட்டில் கோவா மூட்டைகளுக்கு மேலே படுத்து வந்தது. அலமாரிக்குள் காலி இடம் இருக்கிறதே என்று லொறிக்காரப் பையன்கள் லீக்ஸ் கட்டுகளை அடுக்கி ஏற்றியிருந்தார்கள். ஒரு மாதம் வரைக்கும் கம்சலா எந்தச் சேலையை உடுத்தாலும் லீக்ஸ் மணந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, உங்கள் சேலை மணந்தாலே எனக்குப் பசிக்கிறது என்றாள்.

சாமானோடு கிரிஷாந்தனும் வந்திருந்தான். குழாய் திருத்தினான், வயர் மாற்றினான், பலாமரத்துக்கும் ஜன்னலுக்கும் துணிக்கொடி கட்டினான். திங்கட்கிழமை விடியற்காலை, அவள் போகிற கோச்சியைத் தானும் பார்க்க வேண்டும் என்று டிக்கெட் எடுத்து ஏறிக்கொண்டான். ஷம்ரா அவனை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினாள். கைபேசி, ரேடியோ, மிக்சி எல்லாம் திருத்துவார் என்று சொன்னதுதான் தாமதம். கொஸ்கம தாண்டுவதற்குள் ஒருவர் பையிலிருந்து வேலை செய்யாத சார்ஜரை எடுத்து நீட்டினார். இன்னொரு அம்மா, வீட்டில் மிக்சி மூன்று மாதமாகச் சும்மா இருக்கிறது, கொழும்புக்குக் கொண்டுபோகப் பாரம், அவிசாவளையில் கொடுக்க ஆள் தெரியாது என்றாள். காலையில் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு மாலையில் வாங்கிப்போக முடிந்தால் எவ்வளவு வசதி என்று மூன்றாவது ஆள் சொன்னார். கிரிஷாந்தன் நாரஹேன்பிட்டியில் மனைவியை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது அவன் மடியில் இரண்டு சார்ஜர், ஒரு டோர்ச் லைட், ஒரு சின்ன ரேடியோ இருந்தன. அதற்கு அடுத்த கிழமையே ஸ்டேஷன் றோட்டில் ஒரு கடைமுகப்பைப் பேசி முடித்துவிட்டான். கம்சலா அவனை ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் இன்னும் ஆறு மாதம் ஆகியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஜனவரியில் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே வந்தார்கள். லக்ஷிகாவைப் பள்ளிக்குக் கொண்டுபோய்விடுவது கிரிஷாந்தன். மாலையில் ஸ்டேஷனுக்கு வந்து அம்மாவைக் கூட்டிப்போவது லக்ஷிகா. அப்படித்தான் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள்.

எல்லாம் சுகமாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. நான்கு மணிக்கு எழும்ப வேண்டும். கோச்சி வழியில் பழுதானால் அது நகரும்போதுதான் நகரும். மாலையில் நாரஹேன்பிட்டியில் ஏறும்போது பெட்டி கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலேயே நிறைந்து வந்திருக்கும். முதல் மாதம் முழுக்க ஹோமாகம வரைக்கும் கம்சலா ஒற்றைக் காலில்தான் நின்றாள்.

அந்தப் பிரச்சினையைத் தீர்த்தவர் சோமசிரி. ஐம்பத்து நான்கு வயது, கோட்டையில் ஓர் அரச அலுவலகத்தில் உத்தியோகம், கொஸ்கமவில் ஏறுவார். காலையில் கம்சலா மடியில் வைத்துத் திருத்தும் தாள்களை நாலைந்து நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் சங்கடத்தோடு சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். அரச ஊழியருக்கு மற்ற மொழியிலும் தேர்ச்சி வேண்டும். அவர் எழுத்துப் பரீட்சையைத் தாண்டிவிட்டார், வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றுவிட்டார். தமிழில் கேள்வி வந்ததுமே நாக்கு ஒட்டிக்கொள்கிறதாம். சம்பள ஏற்றம் அதனால் நிற்கிறது. அதைவிட, மகன் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிவிட்டதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

கம்சலா அன்றே தொடங்கிவிட்டாள். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு வசனம். அடுத்த ஸ்டேஷன் வரும்வரை அதையே சொல்ல வேண்டும். முதல் நாள் கோச்சி வாக என்ற ஸ்டேஷனுக்குள் நுழையும்போது, இந்த ஊர்ப் பெயருக்கு நடுவில் ஓர் எழுத்தைச் செருகினால் தமிழில் வரவேற்பு என்று சொல்லி, "வாங்க" என்பதைக் கற்றுக்கொடுத்தாள். பெட்டியில் பாதிப்பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாதுக்க வந்தபோது "உக்காருங்க". ஹோமாகமவில் "சாப்பிட்டீங்களா". ஒரு மாதத்தில் மாணவர்கள் ஏழு பேர் ஆனார்கள். கட்டணம் என்று அவள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கோட்டையில் ஏறுகிற மாணவர்கள் மாலையில் ஓர் ஆசனத்தில் குடையை வைத்து நாரஹேன்பிட்டி வரைக்கும் அதைக் காவல் காத்தார்கள். அதன்பிறகு கம்சலா ஒருநாளும் நின்றுகொண்டு போனதில்லை.

பரீட்சைத் தேதி நெருங்கியபோது அவளுக்குத்தான் பயம் பிடித்தது. தான் சொல்லிக்கொடுத்தது தோட்டத்துப் பேச்சு. "வீட்டில் அனைவரும் நலம்" என்பதற்குப் பதிலாக "வூட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றுதான் அவர்களுக்கு வாயில் வருகிறது. பரீட்சகர் அதைப் பிழை என்று போட்டுவிட்டால்? கடைசிக் கிழமையில் மாற்றிச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். சோமசிரி மறுத்துவிட்டார். புதுத் தமிழுக்குத் தன் தலையில் இடம் இல்லை, ஏறிய கோச்சியிலேயே போய்விடுகிறேன் என்றார்.

பரீட்சைக்கு மறுநாள் காலை கொஸ்கமவில் அவர் ஏறும்போது கையில் பெரிய தட்டு, வாழையிலை மூடிய பாற்சோறு. முடிவு அறிவிக்க நாள் இருக்கிறது, ஆனால் நடந்ததைக் கேட்டவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. பரீட்சகர் குடும்பத்தைப்பற்றிக் கேட்டாராம். இவர் நாக்கு ஒட்டாமல், ஆமாங்க, வூட்டுல நாலு பேருங்க, மகன் என்னவிட முன்னாடியே பாஸ் பண்ணிட்டாருங்க என்று அடுக்கியிருக்கிறார். பரீட்சகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் எந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்று கேட்டாராம்.

"நான் சொன்னேன், தோட்டம் இல்லீங்க, அவிசாவளைக் கோச்சி" என்று சோமசிரி தமிழிலேயே சொன்னபோது பெட்டி முழுக்கச் சிரித்தது. பிறகு முடிவு வந்தபோது அவர் பாஸ். அந்தத் தடவை பரீட்சைக்குப் போன மற்ற இரண்டு மாணவர்களும் பாஸ்.

கம்சலா அன்று அலுவலகத்தில் தேநீர் வேளையில் இந்தக் கதையைச் சொன்னாள், லயத்தில் சொல்வதுபோலவே, எதையும் அளக்காமல். முன்பு அவள் பேச்சுக்குச் சிரித்த அந்த மூத்த மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, தங்கள் திணைக்களத்துச் சிங்களத் தம்பிமார் இரண்டு பேரும் அந்தப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள், அவர்களையும் அந்தக் கோச்சியில் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டார்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முன் வேலாயி ஒரு கிழமை வந்து தங்கினாள். பஸ்ஸில் ஏறி ஒரே இருப்பில் வந்து, கொண்டக்டரிடம் சொல்லிவைத்தபடி சந்தியில் இறங்கிக்கொண்டாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பின்னால் ரப்பர் மரங்களைப் பார்த்துவிட்டு, இங்கே காலையில் எத்தனை மணிக்குப் பெரட்டில் நின்று பேர் கொடுக்க வேண்டும், பால்வெட்டும் பெண்களுக்குக் கை நோகாதா என்று விசாரித்தாள். மூன்றாம் நாளே ரப்பர்த் தோட்டத்துப் பெண்களோடு பழகி, அவர்களில் ஒருத்தியின் ஓய்வூதியப் படிவத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்து மகளிடம் நீட்டினாள்.

"கோச்சியில போறப்ப எழுதிரு. நாளைக்குக் குடுக்குறதா சொல்லிட்டேன்."

கம்சலா எழுதினாள். அடுத்த காலை அந்தப் படிவத்தை முடித்து நிமிர்ந்தபோது கோச்சி பாதுக்கவில் நின்றிருந்தது. புதிதாக மாற்றலாகி வந்தவர்போல ஒருவர், பெரிய பையோடு வாசலில் நின்று, உள்ளே இடம் இருக்குமா என்று சிங்களத்தில் கேட்டார். சோமசிரி ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உள்ள வாங்க தம்பி," என்றார், "கொஞ்சம் நெருங்கி உக்காந்தா ஒரு ஆளு தாராளமாப் போவலாம்."